பத்தியத் தண்ணீர்

சந்திரமதிக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர். தம்ளர் என்றதும் சாப்பாட்டுக் கடையில் வைக்கிற தம்ளரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அவள் கல்யாணத்தில் நலுங்குக்குச் சந்தனம் கரைத்த சின்னப் பித்தளைத் தம்ளர். இரண்டு விரலால் பிடிக்கலாம், மூன்றாவது விரலுக்கு இடம் கிடையாது. அதையும் விளிம்புவரை நிரப்பி யாரும் கொடுத்துவிடவில்லை. ஓமம் போட்டுக் காய்ச்சி, பாதியாகச் சுண்டவைத்து, காலையில் ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று. பிள்ளை பெற்றவள் வயிற்றில் அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்கினாலும் வயிறு உப்பும், வாயு ஏறும், ஜன்னி கண்டுவிடும் என்பது மாமியார் ருக்மணியம்மாளின் சட்டம். பிராந்தி மட்டும் ஒரு மூடி உண்டு. பிராந்தி சூடாம், தண்ணீர் குளிர்ச்சியாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் பிள்ளை பெற்றிருக்கமாட்டார்கள் என்று தோன்றும். எழுதியவர்கள் எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, ஆகஸ்டு மாதம். மலாய் நாட்டில், காஜா பெராங் என்கிற இடத்தில் தகரக் கூரை போட்ட பலகை வீடு. ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் கரி அடுப்பு வைத்து, இடுப்பில் எட்டு முழத் துணியை இறுக்கிச் சுற்றி, காதில் பஞ்சு அடைத்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே சந்தில் பிள்ளைகள் கயிறு கட்டிக் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம். சந்திரமதியின் முப்பது நாள் பத்தியம் முடிய அதற்கு மேலும் பதினோரு நாள் கிடந்தது.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்துப் போயிருந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மார்பில் நடந்தது. நாலாம் நாள் கட்டிக்கொண்டு வந்த பால் ஒன்பதாம் நாள் தளர்ந்துவிட்டது. பெண் குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை. அது ஆவலோடு பற்றி இழுக்கும், நாலு தடவை விழுங்கும், பிறகு வெறும் காம்பைச் சப்பி முகத்தைச் சுளித்து அழும்.

சமையல்கட்டில், அரிசிப் பானைக்கு மேலே இருந்த பலகையில், டின் பால் ஒன்று திறக்காமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே அதைக் குத்துவதற்குக் கத்தி. பால் வற்றிவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்குமே என்று ருக்மணியம்மாள் முன்யோசனையாக வாங்கி வைத்தது. அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் சந்திரமதிக்கு அந்த டின் தெரியும்.

அந்த டின்னை அவளுக்கு முன்பே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் தலைப்பிள்ளை பிறந்தான். ராஜரத்தினம் என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் இதே அறை, இதே தம்ளர். இருபதாம் நாள் பால் நின்றுபோயிற்று. டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். நாலாம் மாதம் வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அவன் ஆயுசு அவ்வளவுதான் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பத்தொன்பது வயது சந்திரமதி வாயைத் திறக்கவில்லை. தாகத்தில் கிடந்த உடம்பில் பால் எங்கிருந்து சுரக்கும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தக் கேள்வி மூன்று வருஷமாக அவள் தொண்டையிலேயே நின்றது. இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இந்தப் பிள்ளைக்காக அந்த டின்னைத் திறக்க விடுவதில்லை என்று வயிற்றில் இருக்கும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி சைக்கிளில் வந்தாள். தாதியை அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். போர்த்துக்கீசிய வம்சத்துப் பெண், வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள். ருக்மணியம்மாள் சிரித்துக்கொண்டே நின்றாள். மிஸ்ஸி போனதும் சாத்திவிடலாம், எதற்கு வீண் சண்டை.

மிஸ்ஸி பிள்ளையைத் துணியில் கட்டி, தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். பிறந்தபோது ஆறு ராத்தல் நாலு அவுன்ஸ். இப்போது ஐந்து ராத்தல் பன்னிரண்டு. மிஸ்ஸியின் முகம் சுருங்கியது. தாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று மலாயில் கேட்டாள்.

"பாஞாக், மிஸ்ஸி, பாஞாக்," என்றாள் ருக்மணியம்மாள். நிறைய, நிறைய என்று அர்த்தம். கேட்ட கேள்விக்கு இவ்வளவு வேகமாக அவள் பதில் சொன்னதே கிடையாது.

"திடாக்," என்றாள் சந்திரமதி. இல்லை என்று ஒரே வார்த்தை. தலைமாட்டிலிருந்த பித்தளைத் தம்ளரை எடுத்து மிஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்து, மூன்று விரலைக் காட்டினாள்.

மிஸ்ஸி தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ருக்மணியம்மாளைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பொரிந்து தள்ளினாள். கொதிக்கவைத்த தண்ணீர், கேட்கும்போதெல்லாம், வயிறு நிறைய. அடுத்த புதன் மறுபடி வருவாளாம். அதற்குள் எடை ஏறாவிட்டால் பிள்ளையைச் சாகவிட முடியாது, டின்னைத் திறக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். ருக்மணியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சைக்கிள் மணி சந்து திரும்பியதும் ஜன்னலைச் சாத்தினாள்.

"வெளியாள் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட," என்றாள்.

"நான் ஆக்கலை அத்தை. நீங்கதான் பொய் சொன்னீங்க."

"அந்தப் பொண்ணு கல்யாணம்கூட ஆகாதவ. அவளுக்கு என்னா தெரியும்? நான் அஞ்சு பெத்தவ."

"அஞ்சுல எத்தனை அத்தை இருக்கு?"

இருந்தது இரண்டு. ருக்மணியம்மாள் வெளியே போனாள். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கேட்டது கேட்டதுதான், சந்திரமதி அதற்காக வருத்தப்படவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே தம்ளர் வந்தது. அதே முக்கால் அளவு.

மறுநாள் வேது குளியல். நொச்சியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதித்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் மேலுக்கு ஊற்ற வேண்டும். ருக்மணியம்மாளுக்குத் தோள் பிடித்துக்கொண்டதால் பக்கத்து வீட்டுச் சபியாவைக் கூப்பிட்டாள். சபியாவின் வீட்டுக்காரர் சந்து முனையில் மசாலாக் கடை வைத்திருந்தார். சபியாவுக்கு நாலு பிள்ளைகள், நாலு வீட்டுக் கதையும் தெரிந்த வாய்.

குளிக்கிற மறைப்புக்குள் மணையில் உட்கார்ந்ததும் சந்திரமதி தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வாயைத் திறந்துகொண்டாள். தலையில் விழுந்த தண்ணீரில் ஒரு வாய் உள்ளே போயிற்று. ஒரே கசப்பு. இருந்தாலும் அது தண்ணீர். இரண்டாவது வாயும் வாங்கினாள். ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"நேரா வாயைத் தொறக்காத. மூக்குல ஏறிடும்," என்றாள் சபியா தணிந்த குரலில். "தலையைச் சாச்சி ஓரமா வாங்கு. எனக்கு நாலு பிள்ளைக்கும் இப்படித்தான்."

"உங்க வீட்டுலயுமா அக்கா?"

"எங்க வீட்டுல நாப்பத்து நாலு நாளு. வயித்து மேல சுடு கல்லு வேற. கோடி வீட்டு பொன்னுதுரை சம்சாரம் இருக்காளே, அவ கக்கூசுக்கு எடுத்துட்டுப் போற செம்புத் தண்ணியைக் குடிச்சிருக்கா. அவ வாயாலயே எங்கிட்ட சொன்னா. நம்மள்ல திருடாம பிள்ளை வளத்தவ யாரு?"

சந்திரமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்தது. வாயில் இருந்த வேப்பந்தண்ணீரைத் துப்பினாள்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சிக்கிட்டு, ஒளிஞ்சி குடிச்சிட்டு, வெளிய வந்து குடிக்கலைன்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னதை நம்பித்தான் எனக்கு இந்தத் தம்ளர். நாளைக்கு எனக்கு அடுத்து ஒருத்தி. அவளுக்கும் இதே தம்ளர்."

"ஏண்டி எங்கிட்ட பாயுற? முப்பது நாளு சமாளிச்சா ஆச்சி."

"என் மவன் சமாளிக்கலையே அக்கா."

சபியா மிச்சத் தண்ணீரை மெதுவாக ஊற்றி முடித்தாள்.

சாயங்காலம் ஜெயபாலன் வேலை முடிந்து வந்தான். சந்திரமதியின் புருஷன். அவனுக்கு என்ன வேலை தெரியுமா, டவுன் தண்ணீர் இலாகாவில் குழாய் போடுகிற வேலை. கிளேபாங்கிலிருந்து புக்கிட் ரம்பாய் வரை தெருத் தெருவாக மண்ணைத் தோண்டித் தண்ணீர் விட்டவன். இந்தச் சந்துமுனைக் குழாயை இரண்டு வருஷத்துக்கு முன் நட்டதும் அவன்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவன் பெண்டாட்டிக்கு ஒரு வாய் கொடுக்க அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கிற நல்லவர்களால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பதுதான் தெரியவில்லை.

அவன் அறை வாசலில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்பேனர்கள் போட்டிருந்த பையிலிருந்து ஒரு கலர் சோடாப் புட்டியை எடுத்து நீட்டினான். உள்ளே கலர் இல்லை. நிறையத் தண்ணீர்.

"அம்மா பாக்கறதுக்குள்ள குடிச்சிரு. தினம் ஒண்ணு கொண்டாறேன்."

சந்திரமதி புட்டியை வாங்கினாள். மானம் மரியாதை எல்லாம் அப்புறம், முதலில் மூச்சு விடாமல் முழுப் புட்டியையும் குடித்து முடித்தாள். கடைசிச் சொட்டுக்காகப் புட்டியைக் கவிழ்த்தும் பார்த்தாள். பிறகு அதை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே கொண்டாராதீங்க."

"ஏன், பத்தலையா?"

"கஞ்சா கடத்துற மாதிரி எனக்குத் தண்ணி கடத்தறீங்க. நான் என்னா தப்பு பண்ணிட்டேன், ஒளிஞ்சி குடிக்கிறதுக்கு?"

"இன்னும் இருபது நாளுதானே சந்திரா. அம்மா மனசு நோகாம..."

"ராஜரத்தினத்தைத் தூக்கிட்டுப் போனப்ப யாரு மனசு நோகலைங்க?"

ஜெயபாலன் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சந்திரமதி அதைப் பார்த்தாள், பார்த்தும் சமாதானம் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பதினோராம் நாள். ஏழு மணிக்குக் குழாயடியில் வாளியும் மண்ணெண்ணெய் டின்னும் வரிசை கட்டியிருந்தன. செட்டிகள் குடியிருக்கிற கம்பத்துக் கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பொன்னுதுரை சம்சாரம் முன்னால் நின்றாள், அவளுக்குப் பின்னால் ஏழு மாத வயிற்றோடு சீதா, அப்புறம் சபியா, இன்னும் மூன்று பேர். ருக்மணியம்மாள் அப்போதுதான் வாளியைத் தேடிக் கொல்லைப்புறம் போயிருந்தாள்.

சந்திரமதி காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, வாசல்படி இறங்கி, காகிதக் கொடிகளுக்கு அடியில் நடந்து வந்தாள். பதினோரு நாளாக மண்ணை மிதிக்காத கால் கூசியது. இடுப்புக்கட்டு இறுக்கிப் பிடித்தது. வரிசை முழுதும் அவளையே பார்த்தது. சபியா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பொன்னுதுரை சம்சாரத்தின் டின் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சந்திரமதி அதைக் காலால் நகர்த்தினாள். குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, குடித்தாள். தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சேலையை நனைத்தது. நிறுத்தாமல் குடித்தாள். மூக்கு, கன்னம், கழுத்து எல்லாம் நனைந்தது. அவள் வயிற்றில் தண்ணீர் இறங்குகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா," என்றாள் பொன்னுதுரை சம்சாரம். "தீட்டோட வந்து பொதுக் குழாயைத் தொட்டுட்டியே. நாங்க எல்லாம் சாமிக்குப் பிடிக்கிற தண்ணி. இனிமே மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவாம எப்படி பிடிக்கிறது?"

"கழுவுங்க," என்றாள் சந்திரமதி வாயைத் துடைத்துக்கொண்டு. "கழுவறதுக்கும் தண்ணி இந்தக் குழாயிலதான் பிடிக்கணும்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது சீதா. பொன்னுதுரை சம்சாரம் முறைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் சந்திரமதி. "பிள்ளை பெத்து முப்பது நாளும் தம்ளர்த் தண்ணியோட இருந்தவங்க இங்க யாரு? குளிக்கிறப்ப வாயைத் தொறக்காதவங்க யாரு? கையைத் தூக்குங்க. நான் காலத்துக்கும் வாயை மூடிக்கிறேன்."

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சபியா, கையில் பிள்ளையோடு, "நான் நாலுக்கும் குடிச்சேன்," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் அரிசி கழுவின தண்ணீரைக் குடித்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில் பூந்தொட்டிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீர் என்றாள். பொன்னுதுரை சம்சாரம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் தண்ணீரைப் பற்றியும் அப்புறம் பேசவில்லை.

"எனக்கு ஐப்பசியில," என்றாள் சீதா தயங்கித் தயங்கி. "எங்க அத்தைகிட்ட இதெல்லாம் யாரு அக்கா சொல்றது?"

"நீதான் சொல்லணும்."

அதற்குள் ருக்மணியம்மாள் வாளியோடு வந்துவிட்டாள். மருமகளின் நனைந்த சேலையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். திட்டவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சிட்டேன் அத்தை. வயிறு நிறைய."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உனக்குத் தெரியாது. என் மவனுக்கும் தெரியாது." ருக்மணியம்மாள் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "குருபோங் பக்கத்துத் தோட்டத்துல, கூலிக்காரங்க லயத்துல இருந்தோம். பிள்ளை பெத்து ஏழாம் நாளு, தண்ணி தண்ணின்னு கெஞ்சினா. அம்மா குடுக்கலை. நான்தான் மனசு கேக்காம லயத்துக்குப் பின்னால போற ஆத்துல ஒரு செம்பு மொண்டு கொண்டாந்து ஒளிச்சிக் குடுத்தேன். மூணாம் நாளு வாந்தி, பேதி. பாயில சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. தண்ணிதான் கொன்னுச்சின்னு அம்மா என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா. அதுக்கப்புறம் பிள்ளை பெத்தவளுக்கு என் கையால நிறைய ஊத்துனது கிடையாது. மொத மருமவளா வந்தவ நீ, உன்னையும் தூக்கிக் குடுக்கணுமான்னுதான்."

சந்திரமதி அந்தப் பெயர் தெரியாத தங்கச்சியை நினைத்தாள். இத்தனை வருஷமாக ஒரு செம்பைச் சுமந்துகொண்டிருக்கிற மாமியாரைப் பார்த்தாள். கிட்டே போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடித்தால் விட்டுக்கொடுத்துவிடுவோம் என்று பயந்து பிடிக்காமல் நின்றாள்.

"அது ஆத்துத் தண்ணி அத்தை. மேல் லயத்துல கழுவினது, துவைச்சது எல்லாம் கலந்து வந்த தண்ணி. இது உங்க மவன் போட்ட குழாய். உங்க தங்கச்சி கெட்ட தண்ணியைக் குடிச்சிச் செத்தாங்க. என் பிள்ளை, நான் தண்ணியே குடிக்காததால செத்தான். ரெண்டும் நம்ம வீட்டுச் சாவுதான். ஒண்ணை மட்டும் வச்சிச் சட்டம் போடாதீங்க."

சொல்லிவிட்டு, மாமியார் பார்க்கக் குனிந்து, இன்னும் இரண்டு கை ஏந்திக் குடித்தாள். பிறகு சபியாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள்.

ருக்மணியம்மாள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தமும் கேட்டது. ஆறவைத்து எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகில் வைத்தாள். ஒரு பெரிய செம்பு, நிறைய.

"பச்சைத் தண்ணி என் வீட்டுல ஆகாது," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எவ்வளவு வேணும்னாலும் கேளு, கொதிக்க வச்சித்தான் குடுப்பேன். அதுல என்னை மாத்த முடியாது."

"அதை மாத்த வேணாம் அத்தை," என்றாள் சந்திரமதி. அது நியாயம்தானே, நியாயத்தோடு அவளுக்கு என்ன சண்டை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ருக்மணியம்மாள் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக வந்து புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல் வரும், ஜன்னி வரும் என்று காத்திருந்தாள். சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் வந்தது பால். மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து, பிள்ளை விழுங்குகிற சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. குடித்து முடித்து, கடைவாயில் பால் ஒழுக, கை கால்களைப் போட்டுவிட்டுத் தூங்கியது. அதைப் பார்த்து ஜெயபாலன்தான் அழுதான். சந்திரமதி செம்பைக் காலி செய்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டாள்.

புதன்கிழமை மிஸ்ஸி வந்தாள். சுதந்திரத்துக்கு மூன்று நாள் இருந்தது, சைக்கிள் கைப்பிடியில் ஒரு சின்னக் கொடி கட்டியிருந்தாள். ஜன்னலைத் திறக்கப் போனவள் அது திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள். சபியாவும் வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்றாள். பிள்ளையைத் துணியில் கட்டிக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள் மிஸ்ஸி. தராசு முள் ஆடி ஆடி நிற்கிறவரை அறையில் யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

ஆறு ராத்தல் ஐந்து அவுன்ஸ். பிறந்த எடைக்கு மேல்.

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே, இப்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டாள். சந்திரமதி வாயைத் திறப்பதற்குள் ருக்மணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"பாஞாக்," என்றாள். பிறகு, இந்தத் தடவை அது உண்மை என்று காட்டுவதற்காக, செம்பைத் தூக்கிக் காட்டினாள்.

சமையல்கட்டுக்குப் போனவள் அந்த டின்னைப் பலகையிலிருந்து இறக்கினாள். சந்திரமதி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ருக்மணியம்மாள் கத்தியை டின்னின் தலையில் வைத்து ஓங்கிக் குத்தினாள். ஒரு குத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு குத்து. அந்தப் பாலை விட்டுக் கோப்பி கலந்தாள். வீட்டில் இருந்ததே இரண்டு கோப்பை. ஒன்றை மிஸ்ஸிக்குக் கொடுத்தாள், ஒன்றைச் சபியாவுக்குக் கொடுத்தாள். தனக்கு எதில் ஊற்றுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். வேலையில்லாமல் போனதால் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த சின்னப் பித்தளைத் தம்ளர் கையில் அகப்பட்டது. அதில் ஊற்றிக்கொண்டு வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள்.

மிஸ்ஸி இரண்டாவது வாய் குடிப்பதற்குள் ருக்மணியம்மாளின் தம்ளர் தீர்ந்துவிட்டது. இன்னும் இருக்கிறது என்று நினைத்து மறுபடி வாயில் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தொண்டைகூட நனையலை, அதுக்குள்ள தீந்துபோச்சே," என்றாள்.

"அதுதான் அத்தை," என்றாள் சந்திரமதி, பிள்ளையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டே. "அதுல ஒரு நாளைக்கு மூணு."

ருக்மணியம்மாள் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. மிஸ்ஸி போன பிறகும், சபியா போன பிறகும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.